பன்னிரண்டில் ஏழாவது

போடி கடைத்தெருவில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த பொன்னுராஜிடம் முப்பத்தோரு கடிகாரங்கள் இருந்தன. ஆனால் அவரிடம் மணி கேட்டுச் சரியான பதில் வாங்கியவர் ஒருவரும் கிடையாது. காலை ஜெபம் முடிந்ததும் தேக்கு அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். வெல்வெட் துணியில் படுத்திருக்கும் கடிகாரங்களைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல எடுத்துச் சாவி கொடுப்பார். முள்ளை மட்டும் திருப்பி வைக்கமாட்டார். மணி தெரிய வேண்டுமென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயில் வந்து ஊதுகிறது, அது போதாதா என்பார். மற்ற நேரத்துக்குச் சமையற்கட்டைப் பார்த்து, "சாராள், மணி என்னா?" என்று கேட்பார். அவருடைய மனைவி சாராள் வாசலில் விழும் வெயிலைப் பார்த்துச் சொல்லுவாள்.

எல்லாம் கோட்டுப் பையில் வைக்கிற தங்கக் கடிகாரங்கள். கல்யாணத்துக்கும் கோயில் ஆராதனைக்கும் சீமான்கள் போட்டுக்கொள்வதற்காகச் செய்தவை. வெற்றிலை மடித்ததுபோல அத்தனை மெல்லிசு. அந்த மெல்லிசுக்காகவும் தங்கத்துக்காகவும்தான் வாங்குகிறார் என்று ஊரில் நினைத்தார்கள். விஷயம் அதுவல்ல. இன்ன கடிகாரம் உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு. இருநூறு பேரிடம் இருந்தால் அவருக்கு அது சாமான். இருபது பேரிடம் இருந்தால் தூக்கம் வராது. பொருள் நமக்குக் கிடைத்துவிட்டது என்பதைவிட மற்றவனுக்குக் கிடைக்கவில்லை என்பதில் ருசி காண்கிற ஜாதி மனிதர்கள் உண்டல்லவா, பொன்னுராஜ் அதில் ஒரு மூத்த பிள்ளை.

ஜெனீவாவில் ஒரு கடிகாரக் கம்பெனி தன்னுடைய நூறாவது வருஷத்துக்குப் பன்னிரண்டே பன்னிரண்டு கடிகாரங்கள் செய்தது. செய்து முடித்ததும் அச்சை உடைத்துப் போட்டுவிட்டு, பதின்மூன்றாவது என்றைக்கும் வராது என்று விலைப் புத்தகத்தில் அச்சடித்தது. பட்டணத்து வியாபாரி அனுப்பிவைத்த அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பொன்னுராஜ் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். பிரசங்கம் நீளும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார். தந்தம் போன்ற முகம், நீல முள், அடியில் ஆறாம் எண் இருக்கவேண்டிய இடத்தில் விநாடிக்கென்று ஒரு குட்டி வட்டம். அந்தப் பன்னிரண்டில் நாலாவதை மதுரைப் பஞ்சுத் தரகர் ஏசுதாசன் எப்படியோ வாங்கிவிட்டார்.

ஏசுதாசன் சும்மா வாங்கி வைத்துக்கொள்கிற ஆளில்லை. வருஷத்துக்கு நாலு தடவை விருந்து வைத்துப் பொன்னுராஜையும் கூப்பிடுவார். சாப்பாடு முடிந்ததும் கடிகாரத்தின் முதுகு மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, உள்ளேயிருக்கும் தகட்டில் '4' என்று வெட்டியிருப்பதைக் காட்டி, அதைக் கைக்குக் கை அனுப்புவார். பொன்னுராஜின் கைக்கு வரும்போது மட்டும், "பாத்து ராஜு, ஏலக்காக் கையி, ஈரமா இருக்கும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் முப்பத்தோரு கடிகாரமும் அவருக்குத் தகர டப்பாவாகத் தெரியும். இப்படி மூன்று வருஷம் போனது.

பிறகு ஒருநாள் ஏழாவதை அவர் பார்த்தார். எங்கே தெரியுமா? பட்டணத்திலும் இல்லை, பம்பாயிலும் இல்லை. அவருடைய மண்டிக்கு நாலு தெரு தள்ளி, மலையிலிருக்கும் எஸ்டேட்டின் டிப்போவில், ஸ்டோர் பார்க்கிற ஒச்சாண்டியின் மடியில்.

ஏலக்காய் மூட்டை எடை போட வந்த இடம். மலையிலிருந்து லாரி வந்து நின்றது. லாரி வந்த நேரத்தை ஒச்சாண்டி புத்தகத்தில் எழுத வேண்டும். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தான். நாலு மடிப்பைப் பிரித்தான். நீல முள்ளையும் குட்டி வட்டத்தையும் பார்த்ததும் பொன்னுராஜ் தராசை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றார். முதுகு மூடியில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை டிப்போவின் தராசுக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைத்திருக்கிறான். நாலு வருஷத்துச் சந்தனம் மூடியின் விளிம்பெல்லாம் இறங்கிக் காய்ந்து, அங்கே ஒரு திறப்பு இருக்கிறது என்பதே தெரியாமல் அடைத்துக் கிடந்தது.

ஒச்சாண்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவன் பிறந்த ஊர் ரேகைச் சட்டத்தில் அடங்கிய ஊர். அந்த ஊரில் ஆம்பிளையாகப் பிறந்தவனெல்லாம் திருடன் என்று சர்க்காரே முடிவுகட்டி, பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிந்து வைத்திருந்தது. பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் போய் ஆஜராக வேண்டும். இப்படி ஒரு சட்டத்தைப் போட்டவன் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினான் என்பதுதான் எனக்கு ஆறாத ஆத்திரம். டிப்போவை நடத்திய பெய்ட்டன் துரை அவனுக்காக ஜாமீன் எழுதி, கலெக்டர் வரைக்கும் நடந்து, அவன் பேரை அந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கவைத்தார். பதினோரு வருஷம் தன்னிடம் வேலைக்கும் வைத்துக்கொண்டார். உடம்பு முடியாமல் சீமைக்குக் கிளம்பிய அன்று தன் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து அவன் கையில் வைத்து மூடினார். நகத்தால் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி ஏதோ சொன்னார். லாரி உறுமிக்கொண்டிருந்த சத்தத்தில் ஒச்சாண்டிக்கு அது காதில் விழவில்லை. துரை கப்பலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒரு மாதம் கழித்துத் தகவல் வந்தது.

பொன்னுராஜ் விலை கேட்டார். ஒச்சாண்டி சிரித்தான். மறுவாரம் இரண்டு மடங்கு கேட்டார். அதற்கும் மறுவாரம், ஜெயமங்கலத்தில் வாய்க்கால் பாய்கிற நஞ்சை அரை ஏக்கரும் சேர்த்துத் தருகிறேன் என்றார். ஒச்சாண்டி கடிகாரத்தை மடியில் முடிந்துகொண்டு எழுந்து நின்றான்.

"மொதலாளி, கோவிச்சுக்கிராதீக. துரை எனக்குக் குடுத்தாக. இது மடியில இருக்கவும்தான் நான் எந்த வாசல்லயும் நிமுந்து நடக்கேன். நஞ்சய வச்சு நான் என்ன செய்யப்போறேன்?"

அந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்த்ததுண்டா என்று பொன்னுராஜ் மெதுவாகக் கேட்டார். ஒச்சாண்டி பதறிப்போனான். உள்ளே காற்றுப் பட்டால் அது செத்துப்போகும் என்று யாரோ லாரி டிரைவர் சொல்லி, அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தான். சாவியை மட்டும் காலையில் எண்ணிக் கொடுப்பான், அதற்கு மேல் விரலை வைப்பதில்லை. அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியும், எண் தெரியும். கடிகாரத்தைத் திறக்கலாம் என்பது தெரியாது.

பொன்னுராஜ் பொய் சொல்லுகிறவர் இல்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. அதனால் புதிதாக வந்திருந்த துரையிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. ஏலக்காய் விலை பேசப் போன இடத்தில், உங்கள் ஸ்டோர்க்காரன் மடியில் ஒரு பங்களா விலைக்கு ஒரு கடிகாரம் இருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்டார். அவன் எந்த ஊர் என்பதையும் சொன்னார். இரண்டும் உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மட்டும்தான் அவர் செய்த வேலை. புதுத் துரை ஒச்சாண்டியைக் கூப்பிட்டு பழைய துரை கொடுத்ததற்கு எழுத்து இருக்கிறதா என்று கேட்டார். எழுத்து இல்லை. கொடுத்தவர் கடலுக்குள் கிடக்கிறார். அன்று சாயங்காலமே போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

ஸ்டேஷனில் அவன் என்ன கேட்டுக் கெஞ்சினான் தெரியுமா? தன்னை விடச் சொல்லி இல்லை. கடிகாரத்தை யாரும் திறந்துவிடக் கூடாது, காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தான். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். இந்த வட்டாரத்தில் கடிகாரம் தெரிந்த ஒரே ஆள் யாரோ, அவரிடமே கேட்டுக்கொள்வோம் என்று மறுநாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பொன்னுராஜ் வீட்டுக்கு வந்தார். யாருடையது என்பதற்கு இதில் ஏதாவது அடையாளம் இருக்குமா, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

சாராள் இன்ஸ்பெக்டருக்கு வராந்தாவில் காபி கொடுத்தாள். பொன்னுராஜ் பூதக்கண்ணாடி உள்ளே இருக்கிறது என்று சொல்லிக் கடிகாரத்தோடு அறைக்குள் போனார். இறகின் முனையால் விளிம்புச் சந்தனத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். நகத்தைக் கொடுத்து நெம்பினார். மூடி நெய் தடவினதுபோல் திறந்தது.

தகட்டின் மேல் விளிம்பில் '7' இருந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் அதற்குக் கீழே நாலு வரி இங்கிலீஷில் வெட்டியிருப்பது தெரிந்தது.

'ஒச்சாண்டிக்கு. பதினோரு வருஷத்தில் ஒரு மூட்டை குறையவில்லை, ஒரு பொய் கேட்கவில்லை. இது உன்னுடையது. யார் கேட்டாலும் திறந்து காட்டு. ஜே. பெய்ட்டன், 1934.'

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் காபியை ஆற்றுகிற சத்தம் கேட்டது. பத்தடி தூரம். கதவைத் திறந்து அந்தத் தகட்டைக் காட்டினால் ஒச்சாண்டி ராத்திரிச் சோற்றுக்கு வீட்டில் இருப்பான். கடிகாரமும் அவன் மடியில் இருக்கும். பொன்னுராஜ் அந்த நாலு வரியை மூன்று தடவை படித்தார். மனசாட்சி அவரோடு மல்லுக்கட்டியது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் யோசித்ததெல்லாம் சந்தனத்தைப் பற்றித்தான். கிள்ளி எடுத்த சந்தனம் பொடியாகிவிட்டது. விளிம்பு சுத்தமாகத் தெரிந்தால் திறந்தது தெரிந்துபோகும். சிலுவை மாட்டிய வேதக்கார வீட்டில் சந்தனத்துக்கு எங்கே போவது?

குளிக்கிற அறையில் சாராளின் சந்தன சோப்பு இருந்தது. கத்தியால் ஒரு சீவல் சீவி, எச்சில் தொட்டுக் குழைத்து, மூடியைச் சாத்தி விளிம்பு முழுக்கத் தடவினார். விசிறியால் வீசிக் காயவைத்தார். வெளியே வந்து, விலை உயர்ந்த சாமான், பெரிய துரைமார் வைத்துக்கொள்வது, வேறு அடையாளம் ஒன்றும் கிடையாது என்று சொன்னார். அன்று சாயங்காலம் சோப்பில் கத்தி போட்டது யார் என்று சாராள் கேட்டாள். எலி என்றார். கத்தி வெட்டுக்கும் எலிப் பல்லுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். சோப்பை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கோர்ட்டில் பொன்னுராஜ் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, சொந்தக்காரன் யாரென்று காட்டும் அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை என்றார். புதுத் துரையிடம் செய்ததுபோல வார்த்தைகளின் இடுக்கில் ஒளிந்துகொள்ள இங்கே வழியில்லை. பச்சைப் பொய். சொல்லி முடித்தபோது ஆச்சரியமாக இருந்தது, நாக்கு வழக்கம்போலத்தான் இருந்தது. பிறகு கடிகாரத்தை ஒச்சாண்டியிடம் காட்டி, இது உன்னுடையதுதானா என்று கேட்டார்கள். அவன் அதைக் கும்பிட்டு வாங்கி, நாலு வருஷப் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனான். அவனுக்கு முகம் மாறிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னுது மாதிரித்தேன் இருக்கு சாமி. வாசந்தேன் வேற மாதிரி அடிக்கி."

கோர்ட்டே சிரித்தது. தன் சொந்தச் சாமானை அடையாளம் சொல்லத் தடுமாறுகிறான் பாருங்கள் என்றார் சர்க்கார் வக்கீல். எட்டு மாதம் போட்டார்கள். ரேகைப் புத்தகத்தில் அவன் பேர் மறுபடியும் ஏறியது.

அவன் பெண்டாட்டி இருளம்மாள் அந்த வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுத்தாள். தேனியிலிருந்து மோட்டாரில் திரும்பிய பொன்னுராஜ் கூட்டத்துக்குள் அவளைப் பார்த்தார். சட்டியில் தீ திகுதிகுவென்று எரிய, என் புருசன் களவாணியில்லைன்னு காட்டிக் குடு ஆத்தா என்று ஒரே வரியை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள். பொன்னுராஜ் டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னார். கடிகாரம் அப்போது அவருடைய கோட்டுப் பையில் இருந்தது. கேஸ் முடிந்ததும் செத்த துரையின் சாமான் என்று எஸ்டேட் அதை எடுத்துக்கொண்டிருந்தது. எஸ்டேட்டிடமிருந்து அவர் முறையாக வாங்கிவிட்டார்.

ஏழாவது வந்துவிட்டது. வந்த மறுநாள்தான் அவருக்கு உறைத்தது. எண்ணைக் காட்ட மூடியைத் திறக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஒச்சாண்டி இருப்பான். எண்ணைக் காட்டாவிட்டால் அது பன்னிரண்டில் ஒன்று என்று எவன் நம்புவான்? எழுத்தை மட்டும் அரத்தால் ராவி எடுத்துவிடலாமென்றால், தகடு அந்தக் கடிகாரத்தைப் போலவே மெல்லிசு. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு நெல்மணி இடைவெளிகூட இல்லை. ஒன்றை ராவினால் மற்றதும் போகும். போகாவிட்டாலும், ராவின தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் இது திருட்டுச் சாமான் என்று ஏசுதாசன் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு ஏசுதாசனே போடிக்கு வந்து இறங்கினார். பொன்னுராஜ் கடிகாரத்தை வெல்வெட்டில் வைத்துக் காட்டினார். ஏசுதாசன் கடிகாரத்தின் முகத்தைப் பார்த்தார், நீல முள்ளைப் பார்த்தார், அவருக்கே மூச்சு ஒரு தடவை நின்றது. அந்த ஒரு நொடிதான் பொன்னுராஜுக்குக் கிடைத்த கூலி. அடுத்த நொடி ஏசுதாசனின் நகம் முதுகு மூடிக்குப் போனது. பொன்னுராஜ் சட்டென்று கையை வைத்து மூடினார். கீல் பழுது, திறந்தால் உடையும் என்றார்.

ஏசுதாசன் நிதானமாக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நம்பர் இல்லாதத உன் தலையில கட்டிட்டானுகளா ராஜு? போகுது விடு, தங்கத்துக்கு வெல கெடைக்கும்."

மதுரையில் அந்த விருந்துகளுக்குப் பிறகு பொன்னுராஜுக்கு அழைப்பு வரவில்லை. போடியில் ஏமாந்த ஒருத்தனைப் பற்றி அங்கே தவறாமல் பேச்சு நடந்தது என்பது மட்டும் ஏலக்காய் வாங்க வருகிறவர்கள் மூலம் அவர் காதுக்கு வந்துகொண்டிருந்தது.

எட்டு மாதம் முடிந்தது. மார்கழி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் ஒச்சாண்டி பொன்னுராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றான். பாதியாய் இளைத்திருந்தான். மேல் துண்டை இடுப்பில் கட்டியிருந்தான், முன்பெல்லாம் அது தோளில் கிடக்கும். வேலை கேட்டு வந்திருப்பான், இல்லை சண்டைக்கு வந்திருப்பான் என்று பொன்னுராஜ் நினைத்தார். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். சாராள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"மொதலாளி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுப் போயிருறேன்" என்றான் ஒச்சாண்டி. "அன்னிக்கு துரை அதோட முதுகுல ரெண்டு தட்டுத் தட்டினாக. ஏன் தட்டினாகன்னு செயிலுக்குள்ள கெடந்து எட்டு மாசமும் இதே யோசனதேன். உள்ள எனக்குன்னு ஏதோ வச்சிருப்பாகளோன்னு. நீக கடியாரம் தெரிஞ்சவுக. உள்ள ஏதும் இருந்துச்சா?"

பொன்னுராஜ் சாராளைப் பார்க்கவில்லை.

"சக்கரந்தான் இருந்துச்சு" என்றார்.

எட்டு மாதமாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயிர் வைத்திருந்த ஆளிடமிருந்து அதைப் பிடுங்கினால் எப்படியிருக்கும் என்று பொன்னுராஜ் அப்போது கண்ணால் பார்த்தார்.

"அப்பச் சரி. சும்மாதேன் தட்டியிருக்காக. நாந்தேன் பெருசா நெனச்சுக்கிட்டேன்."

பிறகு, ஒரே ஒரு தடவை அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டான். மாட்டேன் என்று சொல்லப் பொன்னுராஜ் வாயெடுத்தார். சாராள் அதற்குள் அலமாரிக்குப் போய் எடுத்துவந்து அவன் கையில் வைத்துவிட்டாள். கல்யாணம் ஆன இருபது வருஷத்தில் அந்த அலமாரியை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

சந்தனம் போய்விட்டதே என்றான் ஒச்சாண்டி. அழுக்கு என்று துடைத்துவிட்டேன் என்றார் பொன்னுராஜ். விளிம்பு பளபளவென்று இருந்தது. நகம் கொடுப்பதற்கென்றே செய்த சின்ன உதடு தெளிவாகத் தெரிந்தது. ஒச்சாண்டியின் கட்டைவிரல் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து சரியாக அந்த உதட்டின் மேல் நின்றது. ஒரு நெம்பு. அவ்வளவுதான் வேண்டும். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எழுத்து இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தெருவில் இறங்கிப் பாதிரியாரிடம் காட்டுவான். பொன்னுராஜ் அந்த விரலையே பார்த்தார். சாராளும் அந்த விரலையே பார்த்தாள்.

"இங்கன ஏதோ தெறப்பு மாதிரி இருக்கே" என்றான் ஒச்சாண்டி.

அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

"வேணாம். காத்துப் பட்டுரும்."

ரயில் ஊதியது. அவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தின் முகத்தைப் பார்த்தான். அது பதினொன்றரை காட்டியது. "தப்பா ஓடுதே மொதலாளி" என்று சொல்லித் சாவி கொடுக்கிற திருகை மேலே இழுத்து, முள்ளை ஐந்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். இரண்டு கையாலும் பொன்னுராஜிடம் கொடுத்தான். பொழுது சாய்வதற்குள் ஸ்டேஷனில் ரேகை வைக்க வேண்டும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

சாராள் உள்ளே போனாள். பொன்னுராஜ் வாசல் கதவைத் தாழ் போட்டார். ஆபத்து தாண்டிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. சமையற்கட்டைப் பார்த்து மணி என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்தார். ஐந்து தாண்டி மூன்று நிமிஷம்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். இந்த எட்டு மாதத்தில் அதற்கு ஒரு வித்தை பழகியிருந்தார். திறக்கும்போதே இடது கட்டைவிரலைத் தகட்டின் மேல் படுக்கவைத்து நாலு வரியையும் மறைத்துக்கொண்டால், மேலே '7' மட்டும் தெரியும். விரலை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.